கரன்ட் பில் பாக்கி இருக்கும்போது வீட்டு அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது எப்படி?

வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் கரன்ட் பில்லோ தண்ணீர் பில்லோ கட்டாமல் நின்றால், அட்வான்ஸைப் பற்றி வாய் திறக்கவே பலர் தயங்குகிறார்கள். "பாக்கியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?" என்ற கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பெரிய தொகை கைவிட்டுப் போகிறது. முதன்முதலாக வாடகைக்குக் குடிபோனவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். ஒரு பில் நிற்கிறது என்பதற்காக அட்வான்ஸ் மொத்தமும் வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. அவர் கழிக்கக்கூடியது பாக்கித் தொகையை மட்டும்தான். அதுவும் அந்தப் பாக்கி உங்களுடையதாக இருக்க வேண்டும், கழிப்பதற்கு ஒப்பந்தமோ சட்டமோ இடம் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலும் பணம் சிக்கிக்கொள்வது, பாக்கி எவ்வளவு என்று இரண்டு பேருக்குமே தெரியாததால். கடைசி பில் இன்னும் வந்திருக்காது. "வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பார் வீட்டுக்காரர். நீங்கள் போன பிறகு பெரிய பில் வந்து, உங்கள் போன் எடுக்கப்படாவிட்டால் அவர் என்ன செய்வார்? அந்தப் பயம் நியாயமானது. எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, தெரியாமல் கிடக்கும் பாக்கியை ஒரு எண்ணாக மாற்றுவது. எண் கையில் வந்துவிட்டால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று நேராகக் கேட்கலாம். கீழே உள்ள எல்லாமே அந்த எண்ணை உருவாக்குவதற்கும், அதைக் காட்டிக் கேட்பதற்கும்தான்.

முதலில்: பில் யார் பெயரில் வருகிறது?

காலி செய்வதாகச் சொன்ன அன்றே பழைய பில்களை எடுத்து ஒவ்வொன்றிலும் பெயரைப் பாருங்கள். மின்சாரம், தண்ணீர், குழாய் எரிவாயு, இணையம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு பெயரில் இருக்கலாம்.

பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், கட்டாத தொகைக்கு பில் போடும் நிறுவனம் அவரைத்தான் கேட்கும். அதனால் அதை அட்வான்ஸில் கழிக்க அவர் நினைப்பது இயல்பு. வாடகை ஒப்பந்தத்தில் "பயன்பாட்டுக் கட்டணங்கள் குடியிருப்பவர் பொறுப்பு" என்ற வரி இருந்தால் அவர் பக்கம் பலம் கூடும்.

பில் உங்கள் பெயரில் இருந்தால் விஷயம் வேறு. அந்தக் கடன் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. வீட்டுக்காரருக்கு அதில் நஷ்டம் வந்தால்தான் அவர் கழிப்பதற்கு நியாயம் உண்டு. நஷ்டம் வருமா என்பது இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் குடியிருந்தவர் பெயரில் நிற்கும் மின் பாக்கி அவரைத்தான் தொடரும், வீட்டைத் தொடராது. இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை. முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைத் தீர்த்தால்தான் அந்தக் கட்டடத்துக்கு மறுபடி இணைப்பு என்று மின் விநியோக நிறுவனங்கள் விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட விதி உள்ள ஊர்களில் ஒரு சிறு பாக்கிக்குக்கூட வீட்டுக்காரர் பதறுவது ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள். புரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை வராது.

மூன்றாவது வகை, பொது மீட்டர். ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் ஓடும், வீட்டுக்காரர் பங்கு பிரித்துச் சொல்வார். இங்கே மொத்த பில்லின் நகலையும் அவர் எப்படிப் பிரிக்கிறார் என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். பில்லைக் காட்டாமல் வாயால் சொல்லும் தொகையைக் கழிக்க ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பாக்கி முழுவதும் உங்களுடையதுதானா?

பில்லில் "நடப்புக் கட்டணம்" ஒரு வரியிலும் "முந்தைய நிலுவை" வேறு வரியிலும் இருக்கும். அடியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். நிலுவை எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். நீங்கள் குடிவருவதற்கு முந்தையது என்றால் அது உங்கள் கணக்கில் சேராது. குடிவந்த அன்று எடுத்த ரீடிங் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் நிரூபிக்கலாம். அது இல்லாவிட்டாலும், நீங்கள் வந்தபின் வந்த முதல் பில்லில் தொடக்க ரீடிங்கும் அதன் தேதியும் அச்சாகியிருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

அடுத்தது தாமதக் கட்டணம். பில் வீட்டுக்காரர் முகவரிக்கோ அவர் போனுக்கோ போய், உங்களிடம் வரவே இல்லை என்றால், அந்தத் தாமதத்தின் அபராதத்தை நீங்கள் ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. பில் உங்களிடம் எப்போது வந்தது என்பதைக் காட்டும் செய்திகளை எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, மதிப்பீட்டு ரீடிங். வீடு பூட்டியிருந்தாலோ ஆள் வரவில்லை என்றாலோ நிறுவனம் சராசரியை வைத்து உத்தேசமாக பில் போடும். அது உண்மைப் பயன்பாட்டைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். இப்படி இரண்டு மூன்று பில் தொடர்ந்து வந்திருந்தால் இப்போதே உண்மை ரீடிங்கைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பில்லில் பாக்கி பாதியாகலாம், சில நேரம் கூடவும் செய்யலாம். எதுவானாலும் சாவி கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

திடீரென்று மிகப் பழைய தொகையைக் கேட்டால், அதற்குக் கால வரம்பு உண்டா என்று பாருங்கள். இந்திய மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவுப்படி, ஒரு தொகை கட்ட வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டு கடந்தபின், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்திருந்தால் ஒழிய, அதற்காக இணைப்பைத் துண்டித்து வசூலிக்க முடியாது. பிரிட்டனில் தங்கள் தவறால் பில் போடாமல் விட்ட மின்சாரம், எரிவாயுவுக்கு நிறுவனங்கள் 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போய்க் கேட்க முடியாது.

தண்ணீர் பில் நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். அப்போதும் சுற்றுகிறது என்றால் எங்கோ கசிவு. சுவருக்குள்ளோ நிலத்துக்கடியிலோ ஓடும் குழாயில் கசிவு என்றால் அது பெரும்பாலும் வீட்டைப் பராமரிக்கும் வீட்டுக்காரரின் பொறுப்பைச் சேர்ந்தது. வீடியோ எடுத்து உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்: ரீடிங்

மீட்டர் ரீடிங்கைக் காட்டும் ஒரு படத்துக்காகப் பின்னால் ஏங்கியவர்கள் நிறையப் பேர். எனவே நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டைக் கழுவித் துடைத்து, சாமான்களை ஏற்றி முடித்து, கடைசி விளக்கை அணைத்த பிறகு மீட்டரிடம் போங்கள். முடிந்தால் வீட்டுக்காரரையோ அவர் சார்பில் வருபவரையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ரீடிங் மட்டும் இருந்தால் அது எந்த மீட்டர் என்ற கேள்வி வரும். அப்புறம் வீட்டுக் கதவிலிருந்து மீட்டர் வரை நடந்து ஒரு சிறு வீடியோ எடுத்துவிடுங்கள்.

டிஜிட்டல் மீட்டரில் திரை மாறிக்கொண்டே இருக்கும். தேதி, மின்னழுத்தம் எல்லாம் வந்து போகும். உங்களுக்கு வேண்டியது கேடபிள்யூஎச், அதாவது கிலோவாட் மணி என்று காட்டும் எண். அதுதான் யூனிட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்று உள்ள மீட்டரில் இரண்டு எண்கள் வரும்; இரண்டையும் எடுங்கள். பழைய உருளை மீட்டரில் சிவப்பாகவோ புள்ளிக்குப் பின்னாலோ இருக்கும் இலக்கம் பெரும்பாலும் கணக்கில் வராது. முள் மீட்டரில் பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும்; முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சிறிய எண்ணை எழுத வேண்டும் (9க்கும் 0க்கும் நடுவில் என்றால் 9). தண்ணீர் மீட்டரில் ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர்.

எடுத்த ரீடிங்கை அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குச் செய்தியாக அனுப்புங்கள்: "இன்று, இந்த நேரம், மின் ரீடிங் இவ்வளவு, தண்ணீர் ரீடிங் இவ்வளவு, சாவி இத்தனை ஒப்படைத்தேன்." அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும், அது சாட்சி. சாவி கொடுத்ததற்கும் இப்படி எழுத்தில் ஒரு பதில் வாங்குங்கள். அந்த நேரத்துக்குப் பின் ஓடும் யூனிட் உங்களுடையது இல்லை. பெயிண்ட் அடிக்க வருபவர்களும், மரவேலை செய்பவர்களும், வீடு பார்க்க வருபவர்களும் செலவழிப்பது அடுத்த கணக்கு.

பில் உங்கள் பெயரில் இருந்தால் நிறுவனத்துக்கும் அதே ரீடிங்கைக் கொடுத்து "இறுதி பில் வேண்டும், கணக்கை முடிக்கிறேன்" என்று விண்ணப்பியுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது. பல இடங்களில் இணைப்பு வாங்கியபோது நீங்களும் ஒரு காப்புத்தொகை கட்டியிருப்பீர்கள். அதை இறுதி பில்லில் கழித்து மீதியைத் தருவார்கள். கட்ட வேண்டிய பாக்கியே இதனால் தீர்ந்துபோவதும் உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

பில் காலத்தின் நடுவில் காலி செய்தால் எப்படிப் பிரிப்பது?

சண்டை மூளும் இடம் இதுதான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பில் காலம் 60 நாள். நீங்கள் 20ஆவது நாளில் காலி செய்தீர்கள், அதற்குள் 120 யூனிட் ஓடியது. மீதி 40 நாளில் 180 யூனிட். மொத்தம் 300. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு யூனிட் 2 ரூபாய் வீதம், அதற்கு மேல் 5 ரூபாய் வீதம் என்றால் பில் 1,200 ரூபாய்.

இப்போது உங்கள் பங்கு எவ்வளவு? நாள் கணக்கில் பிரித்தால் மூன்றில் ஒரு பங்கு, 400. யூனிட் விகிதத்தில் பிரித்தால் 300இல் 120, அதாவது 480. "நான்தான் முதலில் இருந்தேன், மலிவான 100 யூனிட் என்னுடையது" என்று நீங்கள் வாதாடினால் 300. "மலிவான யூனிட் எனக்கு, உன்னுடையது எல்லாம் 5 வீதம்" என்று வீட்டுக்காரர் வாதாடினால் 600. ஒரே பில், நான்கு விடை.

என்னைக் கேட்டால் யூனிட் விகிதம்தான் நியாயம். யார் எவ்வளவு எரித்தார்களோ அந்த அளவுக்கு அவர்கள் பங்கு. மலிவு அடுக்கின் பலன் இருவருக்கும் பிரிந்து போகிறது. நிலைக்கட்டணம் தனியாக இருந்தால் அதை நாள் கணக்கில் பிரியுங்கள், ஏனென்றால் அது பயன்பாட்டைப் பொறுத்தது இல்லை. பில் வருவதற்கு முன்பே இந்த முறையைப் பேசி ஒத்துக்கொண்டுவிடுங்கள். தொகை தெரிந்த பிறகு பேசினால் அவரவர்க்குச் சாதகமான முறைதான் அவரவர் கண்ணில் படும்.

மொத்தத்தையும் பிடிக்க விடாதீர்கள், ஒரு பகுதியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்

கடைசி பில் வர இன்னும் பல வாரம் ஆகும் என்றால், அதுவரை அட்வான்ஸ் முழுவதும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு உத்தேசத் தொகையை மட்டும் அவர் வைத்துக்கொள்ளட்டும். அதை இப்படிக் கணக்கிடலாம்: கடைசி மூன்று பில்லின் சராசரியை எடுங்கள். அறுபது நாள் பில்லின் சராசரி 1,800 என்றால் ஒரு நாளுக்கு 30. பில் போடாத நாட்கள் 24 என்றால் 720. அதன்மேல் கால் பங்கு சேர்த்தால் 900. கால் பங்கு கூடுதலாகக் கொடுப்பது வீட்டுக்காரரின் நிம்மதிக்கு. பில் வந்ததும் மிச்சத்தை அவர் திருப்பித் தர வேண்டும், அந்தத் தொகை போதாவிட்டால் குறைவதை நீங்கள் கட்ட வேண்டும்.

இதை நேரில் பேசுங்கள், பிறகு எழுத்தில் அனுப்புங்கள். வார்த்தை மரியாதையாகவும் கணக்கு தெளிவாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். உங்கள் வீட்டை இன்ன தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். அன்றைய மின் ரீடிங்கும் தண்ணீர் ரீடிங்கும் படத்துடன் இணைத்துள்ளேன். நான் கொடுத்த அட்வான்ஸ் 60,000. இதுவரை வந்த பில்லில் என் பாக்கி 1,450. இனி வரவேண்டிய பில்லில் என் நாட்களுக்கு உத்தேசமாக 900 நிறுத்தி வைக்கச் சம்மதிக்கிறேன். மீதி 57,650ஐ இன்ன தேதிக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசி பில் வந்ததும் நகல் அனுப்புங்கள், யூனிட் விகிதத்தில் பிரித்து 900ஐ நேர்செய்துகொள்வோம். வேறு எதற்காவது கழிக்க நினைத்தால் எதற்கு, எவ்வளவு என்று ரசீதுடன் எழுத்தில் தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பில் பாக்கியில் தொடங்கும் பேச்சு பெயிண்ட், கீறல், சுத்தம் செய்யும் செலவு என்று விரிந்துகொண்டே போவதைத் தடுப்பது அந்த வாக்கியம்தான்.

கையில் பணமே இல்லை என்றால்

பாக்கியைக் கட்ட இப்போது வழியில்லை, அட்வான்ஸ் வந்தால்தான் கட்ட முடியும் என்ற நிலைமையும் சகஜம். வீட்டுக்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லி, அட்வான்ஸிலிருந்து எடுத்து அவரையே நிறுவனத்துக்குக் கட்டச் சொல்லலாம். ஆனால் கட்டிய ரசீதை வாங்காமல் விடாதீர்கள். கழித்துக்கொண்டு கட்டாமல் விட்டால், இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும்பட்சத்தில் கடன் உங்கள் தலையிலேயே நிற்கும். பணமும் போய், பாக்கியும் மிஞ்சும்.

நிறுவனத்திடம் தவணை கேட்டுப் பார்ப்பதும் நல்லது. துண்டிப்பு வருவதற்கு முன் கேட்டால் ஒத்துக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம். தவணைக் கடிதத்தின் நகலை வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் அவர் பயம் தணியும்.

உங்களால் கட்ட முடியும் என்றால், வீட்டுக்காரர் பெயரில் உள்ள பில்லையும் நுகர்வோர் எண்ணைப் போட்டு நீங்களே நிறுவனத்துக்கு நேராகக் கட்டிவிடுங்கள். ரொக்கமாக வீட்டுக்காரர் கையில் கொடுப்பதைவிட இது எப்போதும் மேல். ரசீது தானாக உங்களிடம் வந்துவிடும்.

அவசரத்தில் செய்துவிடக் கூடாதவை

எப்படியும் அட்வான்ஸ் வராது என்று பயந்து கடைசி மாத வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் அது வாடகை பாக்கி ஆகும். பில் பாக்கியோடு இரண்டாவது பாக்கியையும் நீங்களே அவர் கையில் கொடுத்தது போலாகிவிடும்.

பணம் கணக்கில் ஏறும் முன் "முழுத் தொகையும் பெற்றேன், இனிக் கோரிக்கை இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். குறைவாகத்தான் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "பகுதித் தொகை பெற்றேன், மீதி வரவேண்டியுள்ளது" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தானியங்கிக் கட்டண ஏற்பாட்டை இறுதி பில் வருவதற்குள் ரத்து செய்யாதீர்கள். இறுதி பில் கட்டியான பின் அதை மறக்காமல் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்துக் குடிவருபவரின் பில் உங்கள் கணக்கில் போகும்.

அப்படியும் தர மறுத்தால்

முதல் கடிதத்தில் சொன்ன தேதி கடந்துவிட்டால் இரண்டாவது கடிதம். அதில் புதிய கெடு, ரீடிங் படங்கள், பில் நகல்கள் இருக்கட்டும்; ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். கோபத்தை எழுதாதீர்கள். பின்னால் ஒரு அதிகாரியோ நீதிபதியோ படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள்.

அடுத்த கதவு எது என்பதை நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் சொல்லும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், குடியிருந்தவரின் பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் காப்புத்தொகையை, அதாவது அட்வான்ஸை, திருப்பச் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 21 நாள். கழித்தால் எதற்கு எவ்வளவு என்ற பட்டியலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகைகளில் பணத்தை வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் சேர்த்தாக வேண்டும். தகராறு வந்தால் அந்தத் திட்டமே கட்டணமில்லாமல் விசாரித்து முடிவு சொல்லும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காப்புத்தொகை அரசிடம் இருக்கும். நீங்கள் விண்ணப்பித்து, 14 நாளுக்குள் வீட்டுக்காரர் மறுக்காவிட்டால் நீங்கள் கேட்டபடியே தந்துவிடுவார்கள். உங்கள் ஊரில் வாடகைத் தீர்ப்பாயமோ சிறு கோரிக்கை நீதிமன்றமோ இருந்தால், வழக்கறிஞர் இல்லாமலே போக முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பல இடங்களில் முடியும்.

அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, குடிவந்த நாள் ரீடிங், காலி செய்த நாள் ரீடிங், சாவி ஒப்படைத்த செய்தி, பில்கள், கட்டிய ரசீதுகள், இரண்டு கடிதங்கள். இவற்றோடு ஒரே தாளில் எழுதிய கணக்கு: அட்வான்ஸ் இவ்வளவு, என் பாக்கி இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு. அந்தத் தாளில் உங்கள் பாக்கியை நீங்களே ஒத்துக்கொண்டு எழுதியிருப்பது உங்களுக்குச் சாதகம். நேர்மையாகக் கணக்கு காட்டுபவர் என்று தெரிந்தபின் மற்ற வரிகளையும் நம்புவார்கள்.

பணம் வந்ததும் வீட்டுக்காரருக்கு "இவ்வளவு வந்து சேர்ந்தது, பில்லுக்காக நிறுத்தியது இவ்வளவு" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கடைசி பில் நேர்செய்யப்பட்ட பிறகும் இறுதி ரசீதையும் ரீடிங் படங்களையும் இரண்டு மூன்று வருடமாவது அழிக்காமல் வைத்திருங்கள். புதிய முகவரியையும் நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள், திருத்திய பில்லோ திரும்ப வரவேண்டிய பணமோ பழைய வீட்டு வாசலுக்குப் போய்விடக் கூடாது.